புதிய மடிக்கணினி வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. புதிய மடிக்கணினி வாங்கப் பணம் அனுப்புவதாகச் சென்ற வாரம் சொன்னாய் அல்லவா, அனுப்ப வேண்டாம். நீ கல்லூரிக்கு எடுத்துச் சென்ற பழைய கணினியிலேயே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவி, இந்தக் கடிதத்தையும் அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தக் கணினியின் பழைய பிராசசரை ஏற்காது என்றும், பேசாமல் எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் பழுதுபார்க்கும் கடையில் சொன்னார்கள். திரையும் விசைப்பலகையும் பழுதில்லாமல் இருக்கும் ஒரு பொருளை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. பொறியியல் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு, தேர்வு இருக்கிறது என்று ஓடிவிட்டான்.

பென்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் மாற்றாமலே லினக்ஸ் முழுவதையும் இயக்கிப் பார்க்க முடிகிறது. புடவைக் கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்து வருவது போல, இரண்டு நாட்கள் நானும் அப்படியே சுற்றிப் பார்த்துவிட்டு அணைத்து வைத்தேன். மூன்றாம் நாள், வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று அது கேட்டபோது கை நின்றுவிட்டது. உன் புகைப்படங்களையும் கல்லூரிக் கோப்புகளையும் வெளிவட்டில் நகலெடுத்து, அவை அங்கே திறக்கின்றனவா என்று இரண்டொரு படத்தைப் பார்த்த பிறகே சம்மதித்தேன். (மற்றவற்றைத் திறக்கவில்லை, நம்பலாம்.) அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஆனால் வைஃபை வரவில்லை. வைஃபை வன்பொருளை வேலை செய்யவைக்கும் இயக்கி (டிரைவர்) என்னும் மென்பொருளை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையமோ வைஃபை இருந்தால்தான் வரும். கடைசியில் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, இயக்கி மேலாளரில் இயக்கியை நிறுவி, மறுபடி தொடங்கினேன்.

பிறகு தமிழ் உள்ளீட்டுக்காக முனையம் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, பையன் எழுதிக் கொடுத்திருந்த கட்டளையை அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. நான் அடிக்க அடிக்கத் திரையில் ஓர் எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறிகூட இல்லை. விசைப்பலகை போய்விட்டது என்று முடிவுகட்டி, அணைத்துப் போட்டு மூன்று முறை முயன்றேன். கடவுச்சொல்லின் நீளம்கூடப் பிறர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக முனையம் அதை வேண்டுமென்றே மறைக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டரைத் தட்டினேன்; வேலை நடந்தது.

தமிழ் உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் தமிழ்99 என்னும் விசை அமைப்பு, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு இவற்றுக்கு நடுவே 'டைப்ரைட்டர்' என்று ஒன்று இருந்தது. நான் தட்டச்சில் ஹையர் தேர்வு எழுதித் தேறிய, பணி ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் அடித்த அதே விசை அமைப்பு! இத்தனை ஆண்டுகளாகக் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொண்டிருந்த எனக்கு, இடது கை விரல்கள் ய, ள, ன, க என்று தாமாகவே போய் அமர்ந்ததைக் கண்டு சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடித்த சொல் 'மகள்'. ம, க, ள, புள்ளி என அதற்கான நான்கு விசைகளும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. ஒரு விரலும் இடம்விட்டு எழ வேண்டியதில்லை.

1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இந்த லினக்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21 என்று படித்தேன். அந்த வயதில் நீ காலை ஒன்பது மணிவரை தூங்குவாய்.

அச்சுப்பொறி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அங்கிருந்தபடியே சரிசெய்து தருகிறேன் என்று முந்திக்கொள்ளாதே. முதலில் நான் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா