புரிந்ததா என்று கேட்காதே

கண்ணம்மா,

சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று போனில் சொன்னபோது உன் குரலில் சுரத்தே இல்லை. "ஊசி போடக் கற்றுக்கொடுக்கணும், காலைப் பார்க்கணும், அவ்வளவுதானேம்மா" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தினமும் இடத்தை மாற்றி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "புரிந்ததா ஐயா?" "புரிந்தது சிஸ்டர்." சில மாதம் கழித்து வந்தார். சர்க்கரை இறங்கவே இல்லை; மருந்தின் அளவுதான் ஏறிக்கொண்டே போயிருந்தது. ஏதோ உறுத்த, சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து வைத்ததுபோல் ஒரு வீக்கம். அங்கே குத்தினால் வலிப்பதில்லையாம், அதனால் அங்கேயே குத்தியிருக்கிறார். அந்தக் கொழுப்புக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒருநாள் ஒழுங்காக உடம்பில் சேரும், ஒருநாள் சேராது. இடத்தை மாற்றச் சொன்ன கையோடு டாக்டரிடம் ஓடினேன். ஏற்றி வைத்த அளவையே நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை தடாலென்று தாழ்ந்துவிடுமே!

அதற்கப்புறம் 'புரிந்ததா' என்று நான் யாரையும் கேட்டதில்லை. "வீட்டில் எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள்" என்பேன். பேனா ஊசியின் பொத்தானை அழுத்திவிட்டு 10 எண்ணுகிறாரா, உடனே உருவிவிடுகிறாரா என்பது அப்போதுதான் தெரியும். கலங்கல் இன்சுலினை உள்ளங்கையில் உருட்டாமல், கடகடவென்று குலுக்குகிறவர்களும் உண்டு.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கூட வந்தவரையும் உட்கார வைத்துச் சொல். தாழ்ந்த நேரத்தில் நோயாளிக்கே புத்தி தடுமாறும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதைக் கூட இருப்பவர்தானே தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

காலைப் பார்க்கும்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள், இல்லாவிட்டால் உன் இடுப்பு போய்விடும். விரல் இடுக்கைப் பார். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்து உள்ளே தடவிப் பார். ஒருவர் ஷூவுக்குள் சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார், உணர்ச்சியே இல்லை. "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டதற்கு "நன்றாக இருக்கிறது" என்றவர் அவர்.

சோதனை நோட்டில் எண்கள் சந்தேகப்படும்படி அழகாக இருந்தால் திட்டிவிடாதே. திட்டினால் அடுத்த முறை இன்னும் அழகாக எழுதிக்கொண்டு வருவார்கள். போன மாதம் நானே 212ஐ 172 என்று எழுதினேன், இத்தனை வருடம் அடுத்தவருக்குப் பாடம் நடத்திய நான்! நீ வரும்போது அந்த நோட்டைக் காட்டுகிறேன்.

அம்மா