சோதனைக்குழாயில் தெரியும் லூயிஸ் அமிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமிலம் என்றாலே ஹைட்ரஜன் அயனிதான் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருந்தும் வேதியியல் ஆசிரியர் நான். எலெக்ட்ரான் இணையை ஏற்பது அமிலம், தருவது காரம் என்று 1923-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் வகுத்த விளக்கத்தை ஒரே சோதனைக்குழாயில் கண்ணெதிரே காட்டிவிடலாம். இளஞ்சிவப்பான கோபால்ட் குளோரைடு கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், கோபால்ட் அயனியைச் சூழ்ந்திருந்த 6 நீர் மூலக்கூறுகள் விலகி, 4 குளோரைடு அயனிகள் தம் எலெக்ட்ரான் இணைகளைத் தந்து பிணைய, கரைசல் அடர்நீலமாகிறது. எலெக்ட்ரான் இணைகளை ஏற்கும் கோபால்ட் அயனியே இங்கே அமிலம், அமிலப் புட்டியிலிருந்து வந்த குளோரைடே காரம் என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. பனிக்கட்டியில் குளிர்வித்தால் மீண்டும் இளஞ்சிவப்பு. கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உடையது என்பதால் ஆசிரியரே செய்துகாட்டும் செய்முறையாக இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்