பிள்ளைகளின் வாட்ஸ்அப் தமிழையும் பதிவு செய்யுங்கள்

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் இயக்குநர் அவர்களுக்கும் தொகுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. போன வருடம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், ஆண்டு விழாவில் நான் பேசும் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு பையன் மூன்று மண்டை ஓட்டு எமோஜிகளைப் போட்டான். என்னைச் செத்துப்போ என்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். மறுநாள் அவன் அம்மா மீன் கடையைத் திறக்காமல் பள்ளிக்கு வந்து நின்றார். பையன் அழுதுகொண்டே சொன்னான்: "மிஸ், சிரிச்சு சிரிச்சு செத்துட்டேன்னு அர்த்தம் மிஸ்." படத்தில் எனக்குப் பின்னால் திரைச்சீலை சரிந்து இன்னொரு மாணவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

சிரித்தே செத்தேன் என்று நாமும்தான் சொல்கிறோம். அதையே அவன் படமாகப் போட்டிருக்கிறான். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த அம்மா கைகட்டி நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. இந்த மடலுக்குக் காரணம் அதுதான்.

1974-இல் தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய இயக்ககம் உங்களுடையது. சொல்லின் வேரைத் தேடுவதில் உங்கள் உழைப்பு என் போன்ற ஆசிரியர்களுக்குப் பெரிய துணை. வாட்ஸ்அப்புக்குப் புலனம், இன்ஸ்டாகிராமுக்குப் படவரி என்று தமிழ்ப் பெயர்களும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. மகிழ்ச்சி. ஆனால் அந்தப் புலனத்துக்குள் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க எந்த அகராதியைத் திறப்பது?

புதிய ஆங்கிலச் சொற்கள் மட்டும் என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். கிரிஞ்ச் என்றால் பார்க்கவே கூசுகிறது, நோ கேப் என்றால் பொய்யில்லை, சத்தியம். இவற்றை யாரிடமாவது கேட்டுவிடலாம். நமக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லே வேறு பொருளில் வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம், தெரியாது என்பதே தெரியாததால். உருட்டு என்றால் இப்போது கதை கட்டுவது. முட்டு கொடுப்பது என்றால், தப்பே செய்திருந்தாலும் ஒருவரை விடாமல் ஆதரித்துப் பேசுவது. சம்பவம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் அடிதடி, வெட்டுக்குத்துக்கான மறைமொழி. இன்று சேப்பாக்கத்தில் ஒருவர் நாலு சிக்ஸர் அடித்தாலும் சம்பவம்தான். பேரன் போனில் "நாளைக்குச் சம்பவம் இருக்கு" என்ற செய்தியைப் பார்த்த ஒரு தாத்தா அன்றிரவு தூங்கவே இல்லை. மறுநாள் நடந்தது நண்பனின் பிறந்தநாள்.

சொல் மட்டுமல்ல, குறியும் மாறிவிட்டது. வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வை என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்! குழுவில் நான் "சரி." என்று எழுதினால், "மிஸ், கோவமா?" என்று கேட்கிறார்கள். செய்தியை அனுப்பியதுமே அது முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் புள்ளி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அர்த்தமாம். இதை ஒரு பதினைந்து வயதுப் பெண் எனக்கு விளக்கினாள். நன்னூல் நடத்தும் எனக்கு அது ஒரு நல்ல இலக்கணப் பாடம்.

எல்லாம் விளையாட்டும் இல்லை. தற்கொலையைக் குறிக்கும் சொற்கள் இருந்தால் சமூக ஊடகங்களில் பதிவை அமுக்கிவிடுவார்கள் என்று, இளைஞர்கள் அன்அலைவ் என்றொரு சொல்லை உண்டாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளிடமும் அது வந்துவிட்டது. ஒரு மாணவி அந்தச் சொல்லை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். நான் பார்த்தேன், புரியாமல் கடந்து போயிருந்தேன். அவள் தோழி வந்து பொருள் சொன்ன பிறகுதான் ஓடினேன். அவளோடு உட்கார்ந்து பேசினேன், வீட்டிலும் பேசினோம், மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் தோழி சொல்லாமல் இருந்திருந்தால்?

அதனால் கேட்கிறேன். இந்தச் சொற்களுக்கு இணையத்தில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். தூய தமிழ்ச் சொல் தருவது ஒரு வேலை, அது நடக்கட்டும். இது வேறு வேலை: வழங்கும் சொல்லை வழங்கும்படியே எழுதி, நேர்ப்பொருள் என்ன, இப்போதைய பொருள் என்ன, கேலியா கோபமா, யார் யாரிடம் சொல்லலாம், எந்த வருடம் கண்ணில் பட்டது என்று குறிப்பது. வசைச் சொற்களையும் விடாதீர்கள். பெற்றோருக்கு முதலில் தெரியவேண்டியவை அவைதான். ஆறு மாதத்தில் செத்துப்போகும் சொற்களுக்கு எதற்கு இத்தனை பாடு என்று தோன்றலாம். சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால்தான் தேதியோடு எழுதி வைக்கச் சொல்கிறேன்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கடை விரித்த காலத்து நாணயப் பெயர் துட்டு ஆயிற்று. உருதுவிலிருந்து கலீஜும் பேஜாரும் நாஸ்தாவும் வந்தன. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் சொற்கள் நிலைத்தன. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2011-இல் எல்ஓஎல் (வாய்விட்டுச் சிரிப்பு), ஓஎம்ஜி (அட கடவுளே) என்ற ஆங்கிலச் சுருக்கங்கள் இரண்டையும் சேர்த்தார்கள். ஓஎம்ஜி-க்கு அவர்கள் கண்டெடுத்த சான்று, 1917-இல் ஒரு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர்ச்சிலுக்கு எழுதிய கடிதம். 2016-இல் நம்முடைய ஐயோவையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஐயோவுக்கு அங்கே இடம் இருக்கும்போது, ராயபுரத்துப் பிள்ளைகளின் உருட்டுக்கு இங்கே இடம் வேண்டாமா?

ஆள் போதாது என்றால் பள்ளிகளையும் கல்லூரித் தமிழ்த் துறைகளையும் கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு நோட்டு தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதியது, 200 சொற்களைத் தாண்டிவிட்டது. முதல் பக்கத்தில் இருப்பது மண்டை ஓடு. அதற்கு விளக்கம் எழுதியவன் அந்த மீன்கடை அம்மாவின் மகன். நீங்கள் ஒரு நாள் குறித்துச் சொன்னால், அந்த நோட்டோடு அவனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து ஒரு தமிழாசிரியை