கயலுக்கு, புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள கயல்,

உங்கள் ஆங்கிலத் துறையில் இலக்கிய மன்ற விழாவும் வேலைவாய்ப்புக் கூட்டமும் ஒரே வாரத்தில் வருகின்றன என்றாய். விழாவுக்குப் போவேன், இன்னொன்றில் யாராவது வந்து சாஃப்ட் ஸ்கில்ஸ் பற்றிப் பேசுவார்கள், அது எதற்கு என்றும் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் போனில் நான் அதிகம் பேசவில்லை. நீ எம்.ஏ. முடித்ததும் பி.எட். சேர வேண்டும் என்பது அவள் கணக்கு. எதை ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

இரண்டுக்கும் போ. விழா மேடையில் பேசுகிற எழுத்தாளரைக் கேட்டு, போட்டோ எடுத்து, சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு வேளை மெஸ் சாப்பாடு மிச்சம், வேறொன்றும் இல்லை. அந்த எழுத்தாளரின் புத்தகத்தை எடிட் செய்தவர், மொழிபெயர்த்தவர், பதிப்பகத்தில் வெளியீட்டு, மொழிபெயர்ப்பு உரிமை விஷயங்களைப் பார்ப்பவர், இவர்களில் யாராவது கீழே உட்கார்ந்திருப்பார்கள். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு வேலை இருப்பது அவர்கள் பக்கம்தான். டீ நேரத்தில் எழுத்தாளரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், இவர்கள் ஓரமாகத் தனியே நிற்பார்கள். போய்ப் பேசு. உங்களைப் போல ஆக வேண்டும் என்றெல்லாம் தொடங்காதே. இந்தப் புத்தகத்துக்கு எத்தனை முறை திருத்தம் போனது, எந்த இடத்தில் ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்களும் இருப்பார்கள்.

வேலைவாய்ப்புக் கூட்டத்துக்கு டைப்செட்டிங் கம்பெனிக்காரர்கள், அதாவது புத்தகப் பக்கங்களை அச்சுக்குத் தயார் செய்கிறவர்கள், வந்தால் முகத்தைத் திருப்பாதே. லண்டன், நியூயார்க் பதிப்பகங்களின் ஜர்னல்களும் பாடப்புத்தகங்களும் சென்னையிலும் புதுச்சேரியிலும் தயாராவது உனக்குப் புதிதில்லை, அந்தச் சம்பளத்தில்தான் உனக்கு ஃபீஸ் கட்டினோம். காப்பி எடிட்டிங்குக்கு, அதாவது அச்சுக்கு முன் பிரதியைச் சரிபார்க்கும் வேலைக்கு, ஒரு டெஸ்ட் வைப்பார்கள். ஒன்றரைப் பக்கம் கொடுத்தால் எல்லாரும் இலக்கணப் பிழை தேடக் கிளம்பிவிடுவார்கள். கமா போடுவார்கள், 'இஸ்'ஸை 'ஆர்' ஆக்குவார்கள். கட்டுரைக்குள் 'ஜான்சன், 1998' என்று இருக்கும், கடைசியில் ரெஃபரன்ஸ் பட்டியலில் 'ஜான்ஸ்டன், 1989' என்று இருக்கும். இரண்டாம் பத்தியில் நோயாளிகள் 48 பேர், அட்டவணையில் ஆண்கள் 22, பெண்கள் 24. இது கண்ணில் படுகிறவருக்குத்தான் வேலை.

கண்ணில் பட்டதும் நீயாகத் திருத்தவும் கூடாது. 48 சரியா, 46 சரியா என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆசிரியருக்கு ஓரத்தில் ஒரு கேள்வி போட வேண்டும், மரியாதையாக, ஒரே வரியில். நன்றாக எழுதுகிற பிள்ளைகள் தோற்பது இங்கேதான். ஆசிரியரின் வாக்கியத்தையே பிரித்து அழகாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீயும் அந்த ரகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தத் தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. ஸ்பெல்லிங், கமா எல்லாம் மென்பொருளே பார்த்துவிடுகிறது. வருகிறவரிடம் நேராகவே கேள்: மெஷின் பார்த்து முடித்த பிறகு ஆளுக்கு என்ன வேலை மிச்சம்? மழுப்பினார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் இந்த கான்ஃபரன்ஸ் சமாசாரம். ஏதாவது ஒன்றில் பேப்பர் வாசி, நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக வேண்டும். மாதம் ஒன்றுக்குப் பணம் கட்டி சர்டிஃபிகேட் சேர்க்காதே. ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் போட்டுப் புத்தகமாக்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் காசைக் கொடுக்காதே. எந்த ஜர்னல் நல்லது என்று காட்ட யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வைத்திருந்த கேர் பட்டியலையே 2025இல் நிறுத்திவிட்டார்கள். இனி நீதான் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் பரீட்சையை மட்டும் தள்ளிப்போடாதே. ஆண்டுக்கு 2 முறை நடக்கிறது, கடைசி வருஷத்திலேயே எழுதலாம், தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டில் ஒரு வாக்குவாதமும் குறையும்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு எப்படியும் போவாய். 1977இல் தொடங்கியதிலிருந்து அது வாசகர்களுக்கான இடம். 2023 முதல் தமிழக அரசு பன்னாட்டுப் புத்தகத் திருவிழா என்று தனியாக ஒன்று நடத்துகிறது, அதையும் போய்ப் பார். அங்கே பதிப்பாளர்கள் எதிரெதிரே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு உரிமை பேசுகிறார்கள். மொழிபெயர்ப்புக்கு அரசு மானியமும் உண்டு. இதில் உனக்கு என்ன என்கிறாயா? தமிழ் தெரியாத ஒரு பதிப்பாளர் முடிவெடுக்க ஆங்கிலத்தில் கொஞ்சமாவது படித்துப் பார்க்க வேண்டும். அந்த மாதிரிப் பக்கங்களை யாராவது செய்து கொடுக்க வேண்டும், செய்ய ஆள் குறைவு. பாமாவின் 'கருக்கு' நூலை மொழிபெயர்த்து 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்டு விருது வாங்கிய லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்தான். உன் வகுப்பில் சேக்ஸ்பியர் பேசுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். இரண்டு மொழியும் கைவசம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்.

அதனால் இப்போதே ஒரு சிறுகதையை எடுத்து உட்கார். புதுமைப்பித்தனில் தொடங்கலாம். அவர் 1948இல் இறந்தார், காப்புரிமைக்கான 60 வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். தவிர, அவர் கதைகளில் வரும் திருநெல்வேலிப் பேச்சு நீ பாட்டியிடம் கேட்டு வளர்ந்தது. மற்றவர்கள் அகராதி புரட்டுகிற இடத்தை நீ தாண்டிப் போய்விடுவாய். ஏற்கெனவே வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை முதலில் பார்க்காதே, உன்னுடையதை முடித்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார். யாரிடமாவது பேசும்போது கையில் காட்ட ஐந்து பக்கம் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். பயோடேட்டாவைப் பையில் போட்டுக்கொள்வார்கள், ஐந்து பக்கத்தை அங்கேயே இரண்டு வரியாவது படிப்பார்கள்.

தீபாவளிக்கு வரும்போது அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா, இரண்டு வரி இடைவெளி விட்டு. மெயிலில் அனுப்பாதே, திரையில் பார்த்தால் எனக்குப் பாதிப் பிழை கண்ணில் படுவதில்லை.

அன்புடன்,
அப்பா