முகம் கொடுத்தவர்களுக்கு

அன்பானவர்களுக்கு,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமாகிய லெந்து நாட்களின் ஆறு வெள்ளிக்கிழமைகளிலும், மாலை 5 மணி முதல் 8 மணி வரை, மனப்பாரத்தோடு வந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் ஊழியம் நம் ஆலயத்தின் பின்கட்டு அறைகளில் நடந்து முடிந்தது. உதவியவர்கள் பலர். ஒவ்வொருவரும் செய்தது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லித்தான் நன்றி கூற வேண்டும்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்பது குற்ற உணர்வு. "எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போவேன்" என்பது வெட்கம். இரண்டும் ஒன்றாகவே வரும், ஆனால் ஒரே மருந்தில் ஆறாது. ஞாயிறுதோறும் பொதுப் பாவ அறிக்கையைச் சொல்லி, மன்னிப்பின் வசனத்தையும் கேட்டுவிட்டு, அதே பாரத்தோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அது விசுவாசக் குறைவு அல்ல. மன்னிப்பைக் காது கேட்டுவிட்டது. தன் குற்றம் தெரிந்தும் தன்னைப் பார்த்து முகம் திருப்பாத ஒரு மனிதரைக் கண் இன்னும் பார்க்கவில்லை. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது இதற்காகத்தான் என்று நம்புகிறோம். 51ஆம் சங்கீதத்தில் தாவீது, என் பாவங்களைப் பாராதபடி உம் முகத்தை மறையும் என்கிறார். இரண்டே வசனம் தள்ளி, உம் சமுகத்தைவிட்டு என்னைத் தள்ளாதேயும் என்கிறார். பாவத்துக்கு முகம் மறைக்க வேண்டும், பாவிக்கு முகம் கொடுக்க வேண்டும்.

அப்படி முகம் கொடுத்த நான்கு தாய்மாருக்கும் மூன்று பெரியவர்களுக்கும் முதல் நன்றி. பெண்களுக்குப் பெண்களே செவிகொடுத்தார்கள். கேட்பது எளிது என்று தோன்றும். எளிதல்ல. வந்தவர் சொல்லி முடித்ததும் "பரவாயில்ல, விடுங்க, எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான்" என்று வாய்வரை வரும். அதைச் சொன்ன கணமே, வெளியே வந்தது மறுபடி உள்ளே போய்விடும். தான் சொன்னதன் கனம் இவருக்குப் புரியவில்லை என்று வந்தவர் எழுந்துவிடுவார். அவசரமாக ஒரு வசனம் சொல்வதும், நம் கதையை எடுத்துவிடுவதும் அதே கெடுதலைச் செய்யும். நீங்கள் ஏழு பேரும் வாயை அடக்கினீர்கள். "சொன்னதக் கேட்டேன். இது பாவந்தான். இதுக்காகவும் அவர் மரிச்சார்." இந்த மூன்று வாக்கியத்துக்குமேல் முதல் நாளில் யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் காத்தீர்கள். சபைகளில் ரகசியம் வம்பாக வெளியேறுவது அரிது. ஜெப விண்ணப்பமாகத்தான் வெளியேறும். "இன்னார் குடும்பத்துக்காக ஜெபிங்க, ஒரு பிரச்சனை" என்றால் போதும், மறுநாள் தெருவுக்கே தெரியும். அந்த அறைகளிலிருந்து ஒரு ஜெப விண்ணப்பம்கூட வெளியே வரக் கூடாது என்ற ஒழுங்கை ஏழு பேரும் கடைசிவரை கைக்கொண்டீர்கள்.

இதில் பழக்கம் மிகுந்தவர் என்று நாங்கள் தேடிப் போனது கத்தோலிக்க குரு ஒருவரை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215ஆம் ஆண்டு ரோமில் கூடிய லாத்தரன் திருச்சங்கம் விதித்தது முதல் அவர்கள் சபையில் இது கட்டாய நடைமுறை. இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி அவர் எங்களுக்குக் கற்றுத்தந்தார். நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல் சற்றுச் சாய்வாகப் போடச் சொன்னவர் அவர்தான். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாதவர் சுவரைப் பார்த்துச் சொல்லலாம், சொல்லி முடித்ததும் திரும்பினால் பக்கத்திலேயே ஒரு முகம் இருக்கும். ஃபாதருக்கு எங்கள் வணக்கமும் நன்றியும்.

செய்த பாவத்தைத் தாளில் எழுதச் சொல்லும் முறையும் அவர் யோசனையிலிருந்து வளர்ந்தது. கால் தாள், ஒரே வாக்கியம், "நான்" என்று தொடங்க வேண்டும். நம் பேச்சுத் தமிழ் தப்பிக்க நிறைய வழி வைத்திருக்கிறது: தப்பு நடந்துபோச்சு, வாய் தவறிருச்சு, கை நீண்டிருச்சு. செய்தவர் யார் என்றே தெரியாது. "நான் எடுத்தேன்" என்று எழுதுவதற்குள் பலருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எழுதியதை வாசித்து, ஜெபித்து, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9ஐச் சத்தமாகச் சொன்ன பிறகு, வந்தவர் கையாலேயே மண்சட்டியில் எரித்தோம். திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை இருந்தால் அதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னோம். தாளோடு கணக்கும் எரிந்துவிடக் கூடாது.

கணக்கில் உதவிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஐயாவுக்கு நன்றி. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரச் சொல்கிறது. சீட்டுப் பணத்தில் 5,000 எடுத்திருந்தால் 6,000. சுவிசேஷத்தில் வரி வசூலித்த சகேயு நான்கத்தனையாய்த் தருவதாகச் சொன்னான் என்று, வந்த வேகத்தில் நகையை அடகு வைக்கக் கிளம்பியவர்களை அவர்தான் உட்கார வைத்து, மாதத் தவணை போட்டுக் கொடுத்தார். கடன் வாங்கிப் பரிகாரம் செய்தால் ஆறு மாதத்தில் புது வெட்கம் முளைக்கும். பணத்துக்கு உரியவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடம் சேர்க்க வேண்டும் என்பது அடுத்த வசனத்திலிருந்து தெரிகிறது. அண்ணன் தம்பி நிலம் சம்பந்தப்பட்டவற்றை அவர் தொடவில்லை, வக்கீலிடம் அனுப்பினார். அதுவும் சரி.

மன்னிப்புக் கேட்டுப் போகிறவர்களுக்கு ஆயர் ஐயா எழுதித் தந்த குறிப்பை இன்னும் பலர் கேட்கிறார்கள். கல்யாண வீட்டிலும் பண்டிகை நாளிலும் போகாதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். அது அவருடைய நேரத்தில், அவர் வாயிலிருந்து வரட்டும். அவர் பார்க்க விரும்பவில்லை என்றால் போகவே கூடாது.

மனநல மருத்துவர் அம்மாவுக்குத் தனி நன்றி. மன்னிக்கப்பட்ட ஒன்றையே வாராவாரம் அறிக்கையிட்டு, சொன்னது சரியாகச் சொல்லப்பட்டதா என்று நடுங்குகிறவர்களை நாங்கள் பக்தி மிகுந்தவர்கள் என்று எண்ணியிருப்போம். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் அறிக்கையிட்டுத் தம் ஆலோசகர் ஸ்டௌபிட்ஸைக் களைப்படையச் செய்தவர். அது நோயாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு என்று அம்மா விளக்கினார்.

தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக வெட்கப்பட்டு வந்தவர்கள் வேறு. அவர்களிடம் தாள் தரவில்லை. "இது உங்க பாவம் இல்ல" என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், மன்னிக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று கற்றுத்தந்தவர் அவர். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் ரகசியத்துக்கு அந்த எல்லை உண்டு என்பதை உட்காரும்போதே சொன்னோம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

சுக்குக் காபி போட்ட அக்காமாரே, நீங்கள் செய்தது சிறிய வேலை என்று சொல்லாதீர்கள். பேதுரு இயேசுவை மறுதலித்தது கரிநெருப்பின் அருகே. யோவான் 21இலும் கரிநெருப்புதான், அதன்மேல் மீன். ஆண்டவர் முதலில் சாப்பாடு கொடுத்தார், அதற்குப் பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார். உங்கள் டம்ளரைக் கையில் வாங்கிய பிறகே பலருக்கு உள்ளே போகக் கால் எழுந்தது. உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திரும்ப வேண்டியவர்களைப் பேருந்து நிலையம் வரை கொண்டுவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காத ஆட்டோ அண்ணன்களுக்கும், அறை பூட்டும்வரை காத்திருந்து சட்டிச் சாம்பலைச் செடிக்குக் கொட்டிய, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி.

கடைசியாக, வந்தவர்களுக்கு. பெயரையோ ஊரையோ நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஆகவே உங்களுக்குத் தனியே மடல் அனுப்ப வழியில்லை. எங்களை நம்பிச் சொன்னதற்கு நன்றி. இதையே உங்களுக்கு வந்த மடலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
செவிகொடுக்கும் குழுவினர்,
மதுரை.