உன் எண் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மறைக்காமல் எழுது. இங்கே எல்லோரும் நலம். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், பகலெல்லாம் செடிகளோடுதான் இருக்கிறார். எனக்கு வேலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

"புது போனில் கூகுளே இல்லையாமே, இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசியே சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

போன் மாற்றும்போது தொடர்புப் பட்டியலை முழுவதுமாக ஒரு கோப்பாக எடுத்து வைத்தேன். அது வெறும் எழுத்துக் கோப்புதான், கணினியில் எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மேலிருந்து கீழே வரைக்கும் படித்தேன். ஒவ்வொருவருக்கும் பெயர், எண்கள், மின்னஞ்சல், சிலருக்குப் பிறந்தநாள், வீட்டு முகவரி, அதற்கும் கீழே நான் எழுதிவைத்த குறிப்பு. ஒருவருக்கு 'இதய ஆபரேஷன் ஆனவர், ராத்திரி அழைக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். தங்கையைப் பார்த்துவந்த மனநல மருத்துவரின் எண்ணை அவள் பெயரோடு சேர்த்தே சேமித்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே மூன்று எண்கள், இரண்டு முகவரிகள், பிள்ளைகளின் பெயர்கள், உன் ரத்த வகை.

அந்தக் கோப்பில் என்னைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அத்தனையும் மற்றவர்களுடையது, என்னை நம்பி ஒவ்வொருவராகக் கொடுத்தது. ஏதோ ஒரு ஆப் கேட்கிறது என்பதற்காக 'அனுமதி' என்று ஒரு தட்டுத் தட்டி இதைத் தூக்கிக் கொடுக்க நான் யார்? தனியுரிமை என்றால் 'என் தகவல், என் விருப்பம்' என்றே பேசிப் பழகிவிட்டோம். என் போனில் இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் எல்லோரும்தான். எனக்கு உறைத்தது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 2012-ல் பாத் என்று ஒரு சமூக வலைதள ஆப் இருந்தது. அதை நிறுவியதும் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியல் முழுவதும், யாரையும் கேட்காமல், நிறுவனத்தின் சர்வருக்குப் போய்க்கொண்டிருப்பதை ஒரு மென்பொருளாளர் கண்டுபிடித்து எழுதினார். பெரிய சர்ச்சையாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சேகரித்ததை அழித்தது. உன் ஐபோன் இன்றைக்கு "இந்த ஆப் தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறதே, அந்தக் கேள்வி வந்ததே அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான். கேள்வி வந்தது நல்லது. ஆனால் என் போன் என்னைத்தான் கேட்கிறது. பட்டியலில் இருக்கும் உன்னைக் கேட்பதில்லை.

2013-ல் ஃபேஸ்புக்கில் ஒரு கோளாறால் சுமார் 60 லட்சம் பேரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் வேறு ஆட்களின் கண்ணில் பட்டன. அவற்றில் சம்பந்தப்பட்டவர்கள் தாங்களாக ஃபேஸ்புக்குக்குக் கொடுக்காத எண்களும் இருந்தன. அவர்களைத் தெரிந்த யாரோ தம் தொடர்புப் பட்டியலை ஏற்றியபோது கூடவே போனவை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் உனக்கு நினைவிருக்கும், ஒரு வினாடி வினா ஆப் வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் அந்த அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த வினாடி வினா ஆப்பைப் பயன்படுத்தியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் 8.7 கோடிப் பேர் வரை சிக்கியதாக 2018-ல் ஃபேஸ்புக்கே சொன்னது. 2023-ல் மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் நடந்தது இன்னும் மோசம். திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில். 'உறவினர்களைக் கண்டுபிடி' என்ற வசதி வழியாக அவர்கள் அள்ளிக்கொண்டு போனது ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம். கடவுச்சொல்லைக் கவனமாக வைத்திருந்தவரும் தப்பவில்லை. எங்கோ இருந்த ஒரு தூரத்து உறவினரின் கடவுச்சொல் போதுமானதாக இருந்தது.

சரி, போனுக்கு வருகிறேன். நான் போட்டிருப்பது கிராஃபீன்ஓஎஸ் என்ற இயங்குதளம். ஆண்ட்ராய்டின் திறமூலப் பகுதியை, அதாவது யாரும் படித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி நிரலைத் திறந்து வைத்திருக்கும் பகுதியை எடுத்து, பாதுகாப்பை இறுக்கி, கூகுள் சேவைகள் இல்லாமல் ஒரு சிறு குழு உருவாக்கித் தருவது. கூகுளின் பிக்ஸல் போன்களில் ஓடுகிறது. கூகுள் பிளே தேவைப்பட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் தனிச் சலுகை எதுவும் இல்லாமல் மற்ற ஆப்களைப் போலவே அதுவும் ஓர் ஓரமாக இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, ஓர் ஆப்புக்குத் தொடர்புகளை எந்த அளவுக்குக் காட்டுவது என்று நாமே வரம்பு போடுவது. போன மாதம் ஒரு பணப் பரிமாற்ற ஆப், தொடர்புகளைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று அடம்பிடித்தது. வரம்பைப் போட்டுவிட்டு, பட்டியலில் ஒருவரையும் சேர்க்காமல் விட்டேன். அனுமதி கிடைத்துவிட்டதாக அந்த ஆப் நினைத்துக்கொண்டது. அது திறந்து பார்த்த பட்டியல் காலி. எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. அப்படியென்றால் என் ஆட்களின் எண்கள் அதற்கு எதற்காகத் தேவைப்பட்டன?

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சில வங்கி ஆப்கள், போனில் இருப்பது தயாரிப்பாளர் கொடுத்த சிஸ்டம் இல்லை என்று தெரிந்ததும் ஓட மறுக்கின்றன. அந்த வேலைகளைக் கணினியில் பிரவுசர் வழியாகச் செய்கிறேன். விசைப்பலகையாக ஹெலிபோர்டு என்ற ஆப்பை வைத்திருக்கிறேன். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பது விசைப்பலகைதான். இது இணைய அனுமதியே கேட்பதில்லை, பார்த்ததை வெளியே அனுப்ப இதற்கு வழியில்லை. ஆனால் பேசினால் தமிழில் தட்டச்சாகும் வசதி போய்விட்டது. அது எனக்கு இழப்புதான், கடிதங்களைப் பாதி பேசியே எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

திறமூலம் ஏன் முக்கியம் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சாதாரணத் தொடர்பு ஆப். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று ஒரு தொகுப்பு இருந்தது. தொடர்புகள், காலண்டர், கேலரி எல்லாம் அதில் தனித்தனி ஆப்களாக, விளம்பரமோ வேவோ இல்லாமல் இருந்தன. 2023 கடைசியில் அதன் உரிமையாளர் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம்பிப் பட்டியலை வைத்திருந்தவர்கள் புது முதலாளி என்ன செய்வாரோ என்று காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதன் கோடு, அதாவது நிரல், எல்லோருக்கும் திறந்திருந்தது. அதில் பங்களித்துவந்த ஒருவர் அதை அப்படியே எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார். இன்று உன் எண் என் போனில் இருப்பது அந்த ஃபாசிஃபை ஆப்பில்தான். எழுதியவர் மனம் மாறலாம், கம்பெனி கைமாறலாம். பயன்படுத்துகிறவர்களுக்கு வெளியே போக ஒரு வழி இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

"கோடு எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே" என்று நீ கேட்பாய் என்று தெரியும். நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு, அதாவது யாருக்கும் தெரியாமல் கணினிக்குள் நுழையும் வழி, கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் மென்பொருள் அது. யாரோ ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, அப்புறம் அந்தக் கதவை வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று கிளறப்போய்த்தான் அது வெளியே வந்தது. கிளறிப் பார்க்க அவருக்கு வழி இருந்தது, அதனால் பிழைத்தோம். ஆனால் அந்த மென்பொருளை அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துவந்தவர் களைத்துப்போயிருந்ததும் இதற்கு ஒரு காரணம். அதைப் படித்த பிறகு, நான் தினமும் பயன்படுத்தும் திட்டங்களுக்கு மாதாமாதம் சிறு தொகை அனுப்புகிறேன். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக உழைப்பு இல்லாமல் வந்துவிடவில்லையே.

பேசுவதற்குச் சிக்னல் என்ற செய்தி ஆப். வாட்ஸ்அப்பிலும் செய்திகளை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது சிக்னலின் முறைதான், 2016-லிருந்து. ஆனால் என்ன பேசினோம் என்பது ஒன்று, யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது வேறொன்று. அதே 2016-ல் அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவு ஒன்று சிக்னலிடம் ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வருடன் இணைந்த நேரம். சேர்த்து வைக்காததை யாரும் வாங்க முடியாது. 2024-லிருந்து எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரை மட்டும் கொடுத்தே பேசலாம், தொடர்பு அனுமதி கொடுக்காமலும் ஓடும். அதற்காக எல்லோரையும் அங்கே இழுக்க நான் முயலவில்லை. நம் பழைய குழு இருக்கும் இடத்தில் இருக்கட்டும், நானும் அங்கே இருக்கிறேன். மருத்துவம், பணம், பிள்ளைகள் என்று வரும்போது மட்டும் சிக்னலுக்கு வா என்று கேட்கிறேன். பெரும்பாலும் வருகிறார்கள்.

புகைப்படங்களை என்டே என்ற படச் சேமிப்புச் சேவைக்கு மாற்றிவிட்டேன். அதுவும் திறமூலம். படங்கள் நம் போனிலேயே மறையாக்கம் ஆகித்தான் மேலே போகும், முகங்களைப் பிரிப்பதும் நம் கருவியிலேயே நடக்கும். உன் பேரன் பிறந்தபோது நீ அனுப்பிய படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கடவுச்சொல்லையும், அதை மறந்தால் உதவும் மீட்புச் சாவி என்ற சொல்வரிசையையும், இரண்டையும் தொலைத்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. சாவியைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். வீட்டிலேயே சொந்தச் சர்வர் வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதை உனக்குச் சொல்ல மாட்டேன். பேக்கப், அப்டேட், பழுது எல்லாம் நம் தலையில் விழும்.

போனை மாற்று என்று உன்னிடம் கேட்கவில்லை. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்று ஒருமுறை பார். தேவையில்லாதவற்றுக்கு நிறுத்திவிடு. உன் ஐபோனிலும் ஐஓஎஸ் 18 முதல், முழுப் பட்டியலையும் கொடுக்காமல் நீ தேர்ந்தெடுக்கும் சிலரை மட்டும் ஓர் ஆப்புக்குக் காட்டலாம்.

அப்படியே என் பெயரையும் திறந்து பார். வீட்டு முகவரியும் பிறந்தநாளும் இருந்தால் எடுத்துவிடு, எண் மட்டும் போதும். உன் பக்கத்தில் ஒரு எண்ணைத் தவிர மற்றவற்றை நீக்கலாம் என்றிருக்கிறேன். ரத்த வகை மட்டும் அவசரத்துக்கு உதவுமோ என்று தயக்கம். வைத்துக்கொள்ளட்டுமா, எடுத்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்