ஓஷ்வியென்சிமில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

ஜெர்மனியில் வளரும் எங்கள் பிள்ளைகளைப் போலந்துப் பிள்ளைகளோடு ஒரு வாரம் போலந்தின் ஓஷ்வியென்சிம் நகரில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் நினைவிடத்துக்குப் பக்கத்தில் தங்கவைப்பது லேசான காரியம் இல்லை. பயணச் செலவில் பெரும்பகுதியைத் தந்த ஜெர்மன்-போலந்து இளையோர் அலுவலகத்துக்கும், 1986 முதல் இதற்கென்றே இயங்கிவரும் ஓஷ்வியென்சிம் பன்னாட்டு இளையோர் சந்திப்பு இல்லத்துக்கும் முதல் நன்றி.

அடுத்து, எங்கள் வழிகாட்டி அம்மாவுக்கு. எங்கள் குழுவில் ஈழத்திலிருந்து வந்த பெற்றோரின் மகள் ஒருத்தி. "அப்போது என் குடும்பம் இந்த நாட்டிலேயே இல்லை, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருந்த பெட்டிகளுக்கு முன்னால் அவளை நிறுத்தி, எழுதியிருக்கும் பெயர்களை வாசிக்கச் சொன்னார். முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பெட்டிகள். வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு குழந்தையின் பிறந்த ஆண்டில் நின்றுவிட்டாள். அங்கே 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரியும்தான்.

மொழிபெயர்த்த இரண்டு தம்பிகளை எப்படி மறப்பது? கடைசி இரவு வாக்குவாதம் முற்றியபோது தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவ் முகாமுக்காக 1941-ல் காலிசெய்யப்பட்ட பிஷெஸிங்கா கிராமத்தில் தன் கொள்ளுத்தாத்தாவின் வீட்டை இடித்ததைச் சொன்னான் ஒரு போலந்துப் பையன். "அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றான் எங்கள் பையன். ஒரு சொல்லைக்கூட மழுப்பாமல் அந்தத் தம்பிகள் இருபக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். சமாதானம் பேசுகிறோம் என்று கசப்பை மூடிவைத்திருந்தால் அந்த ஒரு வாரமும் வீண் என்பேன்.

அந்த நேரத்தில் போலந்து ஆசிரியர் 1965-ஆம் ஆண்டுக் கடிதத்தை நினைவூட்டினார். போலந்துக் கத்தோலிக்க ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு "மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்" என்று எழுதியது. அன்றைய போலந்து அரசு கொதித்தது, மக்களிலும் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகள், உடனே ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று நிதானமாகப் பேசினார்கள். ஆசிரியருக்குத் தனி வணக்கம்.

அனுப்பிவைத்த பெற்றோருக்கும், சமையலறையில் இருந்த அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து போலந்துப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்தப் பையனுக்கு அறை தருவதாக எங்கள் பையன் இப்போதே சொல்லிவிட்டான்.